குடிக்காத மொழிபெயர்ப்பாளன்

மேசையில் சின்னதாக ஒரு டென்மார்க் கொடி நின்றது. ஒரு சாண் உயரக் கம்பம், சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. அதன் பக்கத்தில் மூன்று அடுக்குக் கேக் ஒன்று. கிறீமுக்கு மேலே தகரத்திலிருந்து எடுத்த பீச் பழத்துண்டுகளை யாரோ பொறுமையாக வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தார்கள்.

ஸ்கீவ நகரில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான சின்ன மண்டபம் அது. சனிக்கிழமை, காலை பத்து மணி. வெளியே மழையா பனியா என்று தனக்கே தெரியாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. உள்ளே கோப்பி மணம், ஈரக் கம்பளி மணம், எல்லாவற்றுக்கும் மேலே புகையிலை மணம். அந்தக் காலத்தில் டென்மார்க்கில் மூச்சு விடுகிற எல்லோரும் புகைத்தார்கள்.

மரியதாஸ் அண்ணை கதவடியில் நின்று சப்பாத்தைத் துடைத்தார். கொடியைக் கண்டார். பிறந்தநாளுக்கு மேசையில் கொடி வைப்பது இந்த நாட்டு வழக்கம் என்று அவருக்குத் தெரியும்.

"ஆருக்கு மாஸ்ரர் பிறந்தநாள்?" என்று என்னைக் கேட்டார்.

பிறந்தநாள் ஒருவருக்கும் இல்லை. கொடியும் கேக்கும் அவருக்குத்தான். மூன்று மாதமாக அவர் ஒரு துளிகூடக் குடிக்கவில்லை என்பதற்காக.

முந்தின நாள் மாலை அவர் குடித்திருந்தார். அதற்கு முந்தின நாளும் குடித்திருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் குடிக்காத நாட்களை எண்ண என் கைவிரல்களே போதும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மண்டபத்தில் இருந்து அவரே தன் வாயால் சொன்னார். தமிழில் சொன்னார். அதை டேனிஷ் மொழியில் சொல்ல வேண்டியவன் நான்.

நான் ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவப் போனேன். அன்றைக்கு ஒரு ஜக்கெற்றைக் கொழுவ எனக்கு நிறைய நேரம் எடுத்தது.

கை தூக்கி எடுத்த முடிவு

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் ஸ்கீவயில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்களுக்கு அரத்தாள் தேய்த்துக்கொண்டிருந்ததை இந்தப் பத்தியில் முன்னைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். அந்த இரண்டு வருடத்துக்காக டென்மார்க் முழுக்க என்னை மாஸ்ரர் என்றார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தி வந்ததால் மொழி ஓரளவு பிடிபட்டிருந்தது. டொக்டரிடமோ பள்ளிக்கூடத்திலோ கொம்யூனிலோ தமிழருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொம்யூன் என்பது நகரசபை அலுவலகம். எங்களுக்குச் சோறு போட்டதும் எங்களைக் கலங்கடித்ததும் அதுதான்.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மனைவி ஜசிந்தாவும் ஐந்து வயது மகளும் மன்னாரில், ஜசிந்தாவின் தமையன் வீட்டில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும், அதற்கு முதல் குடியை விட வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். வேறு திட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

கொம்யூனில் இருந்த ஒரு பெண்தான் இந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னார். அரசாங்கம் நடத்துவதில்லை, டொக்டரும் இல்லை, குடியை விட நினைக்கிறவர்கள் தாங்களாகவே வாரம் ஒருமுறை கூடிக் கதைக்கிறார்கள், விருப்பமென்றால் போய்ப் பாருங்கள் என்றார். மரியதாஸ் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நானும் வருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலையில் எனக்கும் தலைபோகிற வேலை எதுவும் இருக்கவில்லை.

முதல் நாளே என்னால் ஒரு சிக்கல் வந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. குடிக்காதவன் அந்த வட்டத்தில் இருக்கலாமா? டேனிஷ்காரர் எதையும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். இந்த ஒரு கேள்வியை அரை மணி நேரம் கதைத்து, நடுவில் கோப்பி குடித்து, பிறகு கை தூக்கி வாக்கெடுத்தார்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள். தூக்காதவர் ஸ்வென். பன்றிப் பண்ணைக்காரர், சிவந்த பெரிய முகம், கதவளவு தோள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தெளிந்த மனிதன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் வராது, அவ்வளவுதான் என்றார்.

வட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. கோப்பி போடுகிறவர் கிர்ஸ்தன் என்பதால் அவர்தான் தலைவர் என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும் பெண். தையற்கடை வைத்திருந்தார். பல வருடமாகக் குடியைத் தொடாதவர். விதிகளை அவர்தான் சொன்னார். முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. கதைத்து முடிந்ததும் புத்தி சொல்லக்கூடாது, நன்றி மட்டும் சொல்ல வேண்டும். இங்கே கேட்டது வெளியே போகக்கூடாது.

எனக்கு மட்டும் மேலதிகமாக ஒன்று சொன்னார். அவர் சொல்வதை 'அவர்' என்று சொல்லாதே, 'நான்' என்றே சொல், கூட்டாதே, குறைக்காதே என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எந்த நாளும் குறை இருந்ததில்லை.

வெளியே போகக்கூடாது என்றதை இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். போன மாதம் மரியதாஸ் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து அனுமதியும் கேட்டேன். "எழுதுங்கோ மாஸ்ரர். இந்த முறை முழுசா எழுதுங்கோ" என்றார்.

நாலு பேர் குடித்தால் பார்ட்டி

அப்போது ஸ்கீவயில் தமிழர் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலும் தனி ஆண்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் யாராவது ஒருவருடைய அறையில் கூடுவார்கள். பச்சைப் போத்தல் பியர், ஜெர்மன் எல்லைக்குப் போய் வந்தவன் கொண்டுவந்த விஸ்கி, உறைப்பான கோழிக்கறி. ஒருவர் பாடுவார், ஒருவர் அழுவார். அதைக் குடி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நானும் அங்கே இருப்பேன், கையில் தோடம்பழச் சாற்றோடு. மாஸ்ரர் தொடமாட்டார் என்று புதிதாக வந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூரக் குளிரும். கதிரைக் காலுக்கு அரத்தாள் தேய்க்கிறவனிடம் அந்த நாட்களில் வேறு பெருமை என்ன இருந்தது?

நாலு பேர் கூடிக் குடித்தால் பார்ட்டி. தனியாகக் குடித்தால்தான் எங்கள் ஆட்களுக்கு அது வருத்தம், ஒரு நோய். மரியதாஸ் அண்ணை தனியாகக் குடித்தார். வேலையால் வந்து, கதவைப் பூட்டி, ரேடியோவைப் போட்டுவிட்டுக் குடித்தார். அவரோடு அறையைப் பங்கிட்ட இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வீடு பார்த்துப் போனார்கள். சும்மா போகவில்லை, கதையையும் கொண்டு போனார்கள். ஒரு கிழமைக்குள் கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள இஷொய் வரைக்கும் அது போய்விட்டது. எங்களுக்கும் இஷொய்க்கும் நடுவில் கடல் இருக்கிறது. தமிழர் கதைக்குக் கடல் ஒரு பொருட்டில்லை.

அதனால்தான் அவருக்கு அந்த மண்டபம் பிடித்தது. அங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது. எந்த ஊர், யாருடைய மகன், எங்கே பெண் எடுத்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழகிப்போன வாய்

முதல் சனிக்கிழமை அவருடைய முறை வந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திங்கட்கிழமை குடித்தேன். செவ்வாய்க்கிழமையும் குடித்தேன். புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். வியாழக்கிழமை எழும்ப முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது.

நான் அந்த எட்டு வெள்ளை முகங்களையும் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. இந்த வாரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது, வீட்டு நினைவு அதிகம், ஆனாலும் சமாளித்துவிட்டேன் என்றேன். 'நான்' என்றுதான் சொன்னேன். இலக்கணமும் பிசகவில்லை.

எட்டுப் பேரும் அவரைப் பார்த்து நன்றி சொன்னார்கள். அவரும் தலை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் வந்த ஆறுதலை நான் கவனித்தேன். என் கெட்டித்தனத்தால் வந்தது என்று நினைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். முதற் காரணம் மானம். ஒரு தமிழன் படுக்கையை நனைத்தான் என்று இவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும்? இரண்டாவது காரணம் பயம். ஓர் அகதி வெள்ளைக்காரர் முன்னால் கதைக்கப் பழகுவது பொலிஸ் விசாரணை அறையில்தான். சொல்வதெல்லாம் தட்டச்சில் ஏறும். ஏறியது கோப்புக்குள் போகும். கோப்பு ஒருநாள் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் படித்துத்தான் உள்ளே வந்தோம். அந்த மண்டபத்தில் குறிப்பெடுக்கிறவர் ஒருவரும் இல்லை. கிர்ஸ்தன் கையில் கம்பளி பின்னுகிற ஊசி மட்டும்தான் இருந்தது. ஆனாலும் இங்கே சொல்வது கொம்யூனுக்குப் போகும், போனால் இவருடைய மனைவி பிள்ளையை விடமாட்டார்கள் என்று நான் நம்பினேன்.

டொக்டர் வீட்டிலும் என் வேலை இப்படித்தான் இருந்தது. ஒருமுறை ஒரு பெண் தன் வயிற்றுவலியை மாமியாரில் தொடங்கி, சீதனத்தில் ஏறி, கொழும்பில் இறங்கிக் கால் மணி நேரம் சொன்னா. வயிறு வலிக்கிறது என்று நான் டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். கிர்ஸ்தனும் ஒருநாள் கேட்டார், மரியதாஸ் இவ்வளவு நேரம் கதைக்கிறார், நீ இரண்டு வசனத்தில் முடிக்கிறாயே என்று. தமிழ் நீளமான மொழி என்றேன். அதையும் நம்பினார்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. வாரா வாரம் என் வாயிலிருந்து ஒரு நல்ல தமிழன் வந்துகொண்டிருந்தான். பொறுமையானவன், தெளிந்தவன், மனைவி பிள்ளையை நினைத்துக் குடியை விட்டவன். எனக்குக் கை தூக்காத ஸ்வென்கூட அவனுக்குத் தலையாட்டத் தொடங்கினார்.

அலுமாரியில் கிடந்த விண்ணப்பம்

ஆறாவது சனிக்கிழமையாக இருக்கலாம். மரங்களில் இலை முடிந்திருந்தது. மரியதாஸ் அண்ணை அன்று அதிகம் கதைக்கவில்லை.

"ஜசிந்தாவைக் கூப்பிடுற போர்ம் என்ரை அலுமாரியிலை கிடக்கு. நிரப்பிக் கையெழுத்தும் வைச்சிட்டன். அனுப்பேல்லை. அரசாங்கம் பிந்துது எண்டு அவவுக்கு எழுதிப்போட்டன். அவ வந்து என்னை இப்பிடிப் பாக்கக்கூடாது."

என் மனைவியை அடிக்கடி நினைக்கிறேன், அவள் கெதியாக வந்து சேருவாள் என்று நம்புகிறேன் என்று டேனிஷில் சொன்னேன். கிர்ஸ்தன் பின்னலை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

மன்னாரில் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்த காலம் அது. ரேடியோவில் அந்தப் பெயர் வந்தால் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேட்போம். ஜசிந்தாவும் பிள்ளையும் உயிரோடு வந்து சேருவது அந்த விண்ணப்பம் தபாலில் போவதில் இருந்தது. இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டிருக்கலாம். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். நான் காரை ஓட்டினேன். மொழிபெயர்ப்பாளன் புத்தி சொல்லக்கூடாது, அது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டாதே, குறைக்காதே என்பதும் விதிதான். அதை மறந்தவனுக்கு இது மட்டும் வடிவாக நினைவிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் அதைச் சொன்னார். இன்னும் அனுப்பவில்லை. இன்னும் அனுப்பவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் வேறு எதையோ சொன்னேன்.

நாலு கிழமை கழித்து ஜசிந்தாவிடமிருந்து கடிதம் வந்தது. தமையன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று வள்ளத்தில் ஏறிவிட்டார்களாம். கரைக்கு வரமுதலே இறக்கி விட்டார்களாம். கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், இப்போது இந்தியாவில், மண்டபம் என்ற ஊரின் அகதி முகாமில் இருக்கிறார்களாம். மரியதாஸ் அண்ணை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை வட்டத்தில் சொன்னார். என் மனைவியும் மகளும் பத்திரமாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். இதில் பொய் எதுவும் இல்லையே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கேக் இருந்த காலை

கொடிக்கு வருகிறேன். முந்தின நாள் கிர்ஸ்தன் எனக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கு மரியதாசுக்கு மூன்று மாதம் அல்லவா, கேக் செய்கிறேன், சொல்லிவிடாதே என்றார். சரி என்றேன். ஒரு முழு இரவு எனக்குக் கிடைத்தது. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். டேனிஷ்காரருக்கு எதற்கும் ஒரு பாட்டு உண்டு, அதைப் பாடினார்கள். பிறகு கிர்ஸ்தன் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அந்நிய நாட்டில், மனைவி பிள்ளையைப் பிரிந்து, இந்த மனிதர் செய்ததை எங்களில் பலரால் செய்ய முடியவில்லை என்றார். ஸ்வென் வந்து மரியதாஸ் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொல்லுகினம்?" என்று மரியதாஸ் அண்ணை என்னைக் கேட்டார்.

மூன்று மாதமாக எத்தனையோ சொன்னவனுக்கு அப்போது தமிழில் ஒரு பொய்யும் வரவில்லை. நீங்கள் மூன்று மாதம் குடிக்காமல் இருந்ததற்கு வாழ்த்துகிறார்கள் என்றேன்.

அவர் கொடியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்னது?"

நான் கொடிக் கம்பத்தைத் தொட்டு நேராக்கினேன்.

"இவ்வளவையும் கேட்டிட்டு உவையள் ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சன். கோப்பி ஊத்தித் தந்தவை. அடுத்த கிழமையும் வா எண்டவை. அதுக்காகத்தானே மாஸ்ரர் நான் வந்தனான். அப்ப கேட்டது நீங்கள் ஒராள் மட்டும்தான்."

"ஓம்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். அவருடைய டேனிஷ் அப்போது கடைக்கும் பஸ்சுக்கும்தான் காணும். நெஞ்சில் கையை வைத்து, நான் குடிக்கிறேன் என்று அந்த மொழியில் சொன்னார். நேற்று, என்றார். அதற்கு முந்தின நாளுக்கு வார்த்தை வராமல் கையைப் பின்னால் காட்டினார், இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று காட்டிக்கொண்டே நின்றார்.

"இப்ப சொல்லுங்கோ" என்றார் என்னிடம். "முதல் கிழமையிலை இருந்து."

எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். நான் சொன்னேன். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். பிறகு அவர் சொன்னதைச் சொன்னேன், 'நான்' என்று, கூட்டாமல், குறைக்காமல். படுக்கையை நனைத்தேன். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். என் மனைவி வரக்கூடாது என்று அந்த விண்ணப்பத்தை அலுமாரியில் வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. நான் அவருடைய அழுகையைத்தான் மொழிபெயர்க்கிறேன் என்று கிர்ஸ்தன் நினைத்திருக்க வேண்டும். மரியதாஸ் அண்ணை அழவில்லை. நான் முழுவதையும் சொல்கிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஸ்வென்தான் விதியை மீறினார். அந்த விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தபாலகத்தைப் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவார்கள், எழும்பு என்றார்.

பன்றி நாற்றமடித்த அவருடைய காரில் மூன்று பேரும் போனோம். அலுமாரியில் சேட்டுகளுக்குக் கீழே அந்த விண்ணப்பம் இருந்தது, ஒரு மூலை பியர் பட்டுக் காய்ந்திருந்தது. மன்னார் முகவரியை வெட்டிவிட்டு முகாம் முகவரியை எழுத வேண்டும். மரியதாஸ் அண்ணைக்குக் கை நடுக்கம். என்னிடம் பேனாவைத் தரவில்லை. ஸ்வென் யன்னல் விளிம்பில் தாளை வைத்து, மண்வெட்டி பிடிக்கிற கையால் எழுதினார். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேலை அது மட்டும்தான். தபாலகத்துப் பெண் கதவைச் சாத்தப்போகும் நேரம் கடிதத்தை வாங்கினா.

அதற்குப் பிறகு மரியதாஸ் அண்ணை என்னை அந்த மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை.

விபோர்க் நிலையம்

ஒரு வருடம் போனது. சனிக்கிழமைகளில் ஸ்வென் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். கைவசம் இருந்த கொஞ்ச டேனிஷை வைத்துக்கொண்டு அவர் வட்டத்தில் கதைத்தாராம். வசந்தத்தில், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குடித்தார். பிறகு விட்டார். கோடையில் ஒருதரம் விழுந்து, மறுபடி எழும்பினார். வழியில் கண்டால் தலையசைப்பார். நானும் தலையசைப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் மதியம் தொலைபேசி எடுத்தார். ஜசிந்தாவும் பிள்ளையும் கோபன்ஹேகனில் இறங்கி ரயிலில் வருகிறார்கள், பனியால் ரயில் ஸ்கீவக்குக் கிட்டவுள்ள விபோர்க்கோடு நின்றுவிட்டதாம், ஸ்வென் பண்ணையை விட்டு வெளியே வரமுடியாமல் இருக்கிறார், நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

யாரோ கொடுத்த பெரிய ஆண் கோட்டுக்குள் ஜசிந்தா நின்றா. மகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, தகப்பனை அடையாளம் தெரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மரியதாஸ் அண்ணை முழங்காலை ஊன்றி இருந்து அவள் பெயரைச் சொன்னார். அவள் தாயின் பின்னால் போய் நின்றாள்.

என்னைக் கண்டதும் ஜசிந்தா கையெடுத்துக் கும்பிட்டா. நீங்கள்தானே மாஸ்ரர், உங்களைப் பற்றி முந்தி எல்லாக் கடிதத்திலும் எழுதுவார், எங்களுக்காக நீங்கள் எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்றா. நான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

ஸ்கீவக்குப் போகும் வீதியில் பனி வாரியிருந்தார்கள், மெதுவாகத்தான் ஓட்டலாம். மரியதாஸ் அண்ணை முன்னால் இருந்தார். அவ பின்னால், பிள்ளை மடியில் நித்திரை. இந்த நாட்டு அரசாங்கம் ஏன் இவ்வளவு காலம் இழுத்தடித்தது என்று அவ சாதாரணமாகத்தான் கேட்டா.

"அரசாங்கம் பிந்தேல்லை" என்றார் மரியதாஸ் அண்ணை, திரும்பிப் பாராமல். "போர்ம் என்ரை அலுமாரியிலை கிடந்தது. நான் வெறியிலை கிடந்தனான். மாஸ்ரருக்கும் தெரியும்."

காரின் கண்ணாடியில் அவவின் முகம் தெரிந்தது. பார்க்க விருப்பமில்லாமல் வீதியைப் பார்த்தேன். நிறைய நேரத்துக்குப் பிறகு, எவ்வளவு காலம் தெரியும் என்று கேட்டா. போர்ம் போகும்வரைக்கும் ஏழு கிழமை என்றேன். தாங்கள் வள்ளத்தில் ஏறினது எனக்குத் தெரிந்ததற்கு முதலா பிறகா என்று கேட்டா. பிறகு என்றேன்.

"போர்ம் போட்டாச்சு எண்டு ஒரு வரி வந்திருந்தால் நான் பிள்ளையையும் கொண்டு கொழும்புக்குப் போயிருப்பன். கடலிலை இறங்கியிருக்கமாட்டன்" என்றா. குரலை உயர்த்தவில்லை. பிள்ளையின் தலையைக் கொஞ்சம் தூக்கி மற்றத் தொடையில் வைத்தா.

"அவர் வெறியிலை இருந்தவர். நீங்கள் என்னத்திலை இருந்தனீங்கள்?"

நான் தெளிவாகத்தான் இருந்தேன், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பதில் எவ்வளவு கேவலமானது என்று அந்த நேரத்திலாவது எனக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.